ஓபுவாவில் மஞ்சள் கொடி: பாய்மரப் படகில் நியூசிலாந்துக்குள் நுழைய

பிஜி, டோங்கா, நியூ கலிடோனியா பக்கமிருந்து சொந்தப் பாய்மரப் படகில் நியூசிலாந்துக்கு வருகிறவர்களில் பலர் முதலில் கயிறு கட்டும் இடம் ஓபுவா. வடக்குத் தீவின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் விரிகுடாவுக்குள், ரஸல், பைஹியா இரண்டையும் தாண்டி, வெரோனிகா கால்வாய் வழியே உள்ளே போனால் வருகிற சின்ன ஊர். அங்கே மரினாவின் (படகுகள் நிறுத்தும் துறையின்) வெளி விளிம்பில் கரையோடு இணைப்பே இல்லாத ஒரு மிதவை மேடை உண்டு. பெயர் க்யூ-டாக். வந்த படகு அதில்தான் நிற்க வேண்டும். அதிகாரிகள் வந்து எல்லாம் முடித்துக் கையெழுத்துப் போடும்வரை ஆட்கள் அந்த மேடையை விட்டு எங்கும் போகக் கூடாது.

ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் இங்கே படகுகள் குவியும். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை தென்பசிபிக்கில் புயல் பருவம். அதற்கு முன் தெற்கே இறங்கிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்புவதால் வரும் நெரிசல் இது. புதிதாக வருகிறவர்களின் பயமெல்லாம் சுங்க அதிகாரி மீதும் பாஸ்போர்ட் முத்திரை மீதும்தான் இருக்கும். அந்த இரண்டும் அரை மணி நேர வேலை. படகை நிறுத்திவைப்பதும் பணத்தைக் கரைப்பதும் வேறு இரண்டு இடங்கள்: படகின் அடி, சமையலறை அலமாரி. அந்த இரண்டையும் பிஜியிலேயே, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சரிசெய்துவிட வேண்டும். க்யூ-டாக்கில் நின்றுகொண்டு எதையும் சரிசெய்ய முடியாது.

48 மணி நேரம்

நியூசிலாந்தில் நினைத்த இடத்தில் நங்கூரம் போட்டுவிட்டுப் பிறகு அலுவலகம் தேடிப் போகும் பழக்கம் செல்லாது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் படகும் முதல் வருகைக்கென்று அங்கீகரித்த துறைமுகத்துக்கே நேராக வர வேண்டும். ஓபுவா, வாங்கரேய் பக்கத்து மார்ஸ்டன் கோவ், ஆக்லாந்து, டௌரங்கா, நெல்சன் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளவை. வழியில் அழகான குடா ஒன்று தெரிகிறதே, ஓர் இரவு ஓய்வெடுப்போம் என்று ஒதுங்கினால் அது குற்றம். உயிருக்கோ படகுக்கோ ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டு. அப்போதும் வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சானலில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், யாரும் கரையிறங்கக் கூடாது.

வந்து சேர்வதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகச் சுங்கத்துறைக்கு முன்வருகை அறிவிப்புப் படிவம் போயிருக்க வேண்டும். படகின் பெயர், பதிவு எண், பதிவுத் துறைமுகம், கடைசியாகக் கிளம்பிய துறைமுகம், வந்துசேரும் நாளும் நேரமும், படகில் உள்ள ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் விவரம், இவற்றோடு அடிப்பகுதி சுத்தத்துக்கான சான்றுகள். இதை நடுக்கடலில் சாட்டிலைட் இணைப்பில் அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். படங்களும் ரசீதுகளும் இணைத்த மின்னஞ்சல் அந்த மெதுவான இணைப்பில் பாதியிலேயே நின்றுவிடும். பிஜியில் கரை இணையம் இருக்கும்போதே அனுப்பி, பதில் வந்த பிறகு கிளம்புங்கள். கடலில் இருந்து அனுப்ப வேண்டியது ஒரே ஒரு வரி: நேரம் மாறினால் புதிய நேரம்.

அந்த நேரத்தைக் கணக்கிடுவதில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது. பிஜியின் மேற்குக் கரையிலிருந்து ஓபுவாவுக்கு ஏறக்குறைய 1,050 கடல் மைல். சராசரி 5.5 நாட் (மணிக்கு 5.5 கடல் மைல்) வேகம் என்றால் 191 மணி நேரம், அதாவது எட்டு நாள். வழியில் மினர்வா பாறைத்திட்டில் ஒதுங்கிக் காற்று மாறக் காத்திருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளும் ஆகும். பிஜி நேரம் உலகப் பொது நேரத்துக்கு 12 மணி முன். நியூசிலாந்தில் செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறுவரை கோடைக்கால நேரம், அது 13 மணி முன். பிஜியிலிருந்து வந்தால் ஒரு மணி நேரம்தான் பிசகும். குக் தீவுகளின் ரரோடோங்காவிலிருந்து வருகிறவர்களுக்கோ முழு நாளே பிசகும். அங்கே பொது நேரத்துக்கு 10 மணி பின், வழியில் தேதிக்கோடு. கப்பல் கடிகாரத்தைப் பார்த்துத் தேதி எழுதினால், நீங்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு மறுநாள்தான் உண்மையில் வந்து நிற்பீர்கள். படிவத்தில் எழுதுவது எப்போதும் நியூசிலாந்து உள்ளூர் நேரமாக இருக்கட்டும், பக்கத்தில் பொது நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

நம் பெயர்கள் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குடும்பப் பெயர், தனிப் பெயர் என்று படிவம் இரண்டு கட்டம் கேட்கும். நம் பாஸ்போர்ட்டுகளில் சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, சிலருக்கு அப்பா பெயர் அங்கே, சிலருக்கு முதலெழுத்து மட்டும். விசாவில் ஒருவிதம், படிவத்தில் இன்னொருவிதம், பிஜி சுங்கம் தந்த ஆள் பட்டியலில் மூன்றாவது விதம் என்றால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். படகில் வந்தாலும் இதில் சலுகை கிடையாது.

பிஜியை விட்டுக் கிளம்பும்போது அங்குள்ள சுங்கம் தரும் புறப்பாட்டுச் சான்றிதழை வாங்க மறக்காதீர்கள். ஓபுவாவில் முதலில் கேட்கும் காகிதங்களில் அது ஒன்று. அதை வாங்கிய பிறகு வெளித்தீவுகளில் நின்று மீன் பிடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கக் கூடாது. சான்றிதழ் கையில் வந்தால் நீங்கள் நாட்டை விட்டுக் கிளம்பியவர். படகின் சொந்தக்காரர் உடன் வராவிட்டால், படகை ஓட்டி வரும் ஸ்கிப்பர் பெயருக்கு அவர் எழுதித் தந்த அதிகாரக் கடிதம் மூலப் பிரதியாக இருக்க வேண்டும்.

படகின் அடி

படகின் அடியில் ஒட்டி வரும் உயிரிகளுக்கான விதியை நியூசிலாந்து 2014-இல் வெளியிட்டு, நான்கு ஆண்டு அவகாசம் தந்து, 2018 மே 15 முதல் கட்டாயமாக்கியது. இதைக் கெடுபிடி என்று குறைசொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மத்தியதரைக்கடலின் விசிறிப்புழு 2008-இல் லிட்டல்டன் துறைமுகத்திலும் மறு ஆண்டு ஆக்லாந்திலும் தென்பட்டது. இன்று அது வடக்குத் தீவின் பல துறைமுகங்களில் தூண்களிலும் சங்கிலிகளிலும் கொத்துக்கொத்தாக நிற்கிறது. அதை இனி எடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் டார்வினில் 1999-இல் மரினாக்களுக்குள் கருவரிச் சிப்பி பரவியதைக் கண்டபோது, குளோரினையும் தாமிர சல்ஃபேட்டையும் கொட்டி மரினா நீரில் இருந்த எல்லா உயிரையும் கொன்றுதான் அதை ஒழித்தார்கள். அடி சுத்தமாக இருந்த படகு இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்திருக்காது.

விதி படகுகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது: 20 நாள்வரை தங்குவது, 21 நாளும் அதற்கு மேலும் தங்குவது. புயல் பருவத்தைக் கழிக்க வருகிற யாட்டுகள் எல்லாமே இரண்டாவது வகை. அந்த வகைக்கு அனுமதிப்பது இரண்டே இரண்டு. ஒன்று, விரலால் தடவினால் வழித்துக்கொண்டு வரும் வழுவழுப்பான பாசிப் படலம். இரண்டு, நடுக்கடலில் மிதக்கும் பொருள்களில் ஒட்டி வளரும், நீண்ட தண்டுள்ள கொட்டலசு (பார்னக்கிள்). அது ஆழ்கடல் உயிரி, துறைமுகத்துக்குள் நிலைகொள்ளாது என்பதால் இந்தச் சலுகை. தண்டு இல்லாமல் சுண்ணாம்புக் கூம்பு போல ஒட்டிக்கொள்ளும் சாதாரணக் கொட்டலசு, குழாய்ப்புழு, சிப்பி, முடி முடியாகத் தொங்கும் பாசி எதுவும் இருக்கக் கூடாது.

இந்த நிலையைக் காட்ட எளிய வழி, வருகைக்கு முன் 30 நாளுக்குள் அடியைச் சுத்தம் செய்வது. இன்னொரு வழி, பெயின்ட் தயாரிப்பாளர் சொன்ன ஆயுளுக்குள் ஆன்டிஃபவுலிங் (அடியில் உயிரிகள் ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட்) இருப்பதையும் இடைவிடாமல் பராமரித்து வந்ததையும் காகிதங்களால் நிரூபிப்பது. வந்த 24 மணி நேரத்துக்குள் அங்கீகரித்த படகுப் பழுதுபார்க்கும் யார்டில் தூக்கிச் சுத்தம் செய்வதும் ஒரு வழியாக விதியில் வந்தது. அதை நம்பிக் கிளம்புவதானால் யார்டின் முன்பதிவும் நியூசிலாந்து முதன்மைத் தொழில்கள் அமைச்சகத்தின் ஒப்புதலும் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். நவம்பரில் படகைத் தூக்கும் ட்ராவல் லிஃப்ட் கிடைப்பது சுலபமல்ல. ஆகவே முதல் வழிதான் நல்லது. பிஜியில் வூடா மரினா போல லிஃப்ட் உள்ள இடத்தில் தூக்கி, பெயின்ட் அடித்து, கிளம்பும் வாரத்தில் தண்ணீருக்குள் ஒருமுறை இறங்கித் துடைத்துவிட்டு வாருங்கள்.

பெயின்ட் எவ்வளவு வேண்டும்? நீர்க்கோட்டு நீளத்தை, அகலமும் மிதவை ஆழமும் கூட்டிய எண்ணால் பெருக்குங்கள். கீல் (அடியில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதி) துடுப்பு போலத் தனியாக இருக்கும் படகுக்கு அதில் முக்கால் பங்கு. நீர்க்கோடு 11 மீட்டர், அகலம் 3.7, ஆழம் 1.9 என்றால் 11 × 5.6 = 61.6, முக்கால் பங்கு 46 சதுர மீட்டர். லிட்டருக்கு 9 அல்லது 10 சதுர மீட்டர் பரவும் பெயின்ட், இரண்டு பூச்சு என்றால் ஏறக்குறைய 10 லிட்டர். நீர்க்கோட்டிலும் சுக்கானின் முன்விளிம்பிலும் மூன்றாவது பூச்சுக்கு இன்னொரு லிட்டர் சேர்த்து வாங்குங்கள். தண்ணீர் வேகமாக உரசிப் பெயின்ட் முதலில் தேய்வது அங்கேதான்.

சோதனையில் மாட்டுகிற இடம் பரந்த அடிப்பகுதி அல்ல, மூலைமுடுக்குகள். கீலின் அடிப்பக்கம் முக்கியமான ஒன்று. படகைத் தூக்கி நிறுத்தும்போது அதன் முழு எடையும் மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும்; கட்டை மறைத்த இடத்தில் பெயின்ட் ஏறாது. பக்கவாட்டு ஸ்டாண்டுகளின் தட்டு அழுத்திய சதுரங்களும் இப்படித்தான். மீண்டும் இறக்குவதற்கு முன் லிஃப்டின் பட்டையில் படகு தொங்கும் நிலையில் ஒரு மணி நேரம் விடச் சொல்லி, அந்த இடங்களுக்கு மட்டும் இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். யார்டுக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள்.

எஞ்சின் குளிர்நீர் உள்ளிழுக்கும் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் படகில்கூட, துளைக்குள் சுண்டுவிரல் நுழையும் ஆழத்தில் சொரசொரப்பாகக் கையில் தட்டும். அது கொட்டலசு. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, வளைந்த பிரஷ் விட்டு, எட்டும்வரை உள்ளே பெயின்ட் அடியுங்கள். படகைப் பக்கவாட்டில் திருப்பும் முன்பக்க த்ரஸ்டர் குழாய், சுக்கானுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, புரொப்பெல்லர் தண்டு, ஆழமானியின் முகம், ஏணியின் கீழ்ப்படி எல்லாவற்றையும் இதே மாதிரி பாருங்கள். உலோகப் பாகங்கள் அரிக்காமல் காக்கும் துத்தநாக ஆனோடு மேல் மட்டும் பெயின்ட் படக் கூடாது, பட்டால் அது வேலை செய்யாது. அதைத் துடைக்கத்தான் வேண்டும். நீண்ட பயணத்துக்குத் தண்ணீரும் டீசலும் நிரப்பினால் படகு நாலு விரல் இறங்கி, பெயின்ட் இல்லாத பட்டை நீருக்குள் போய்விடும். பின்புறத்தில் பச்சைத் தாடி வளர்வது அதனால்தான். பெயின்ட் கோட்டை முன்பே உயர்த்திவிடுங்கள்.

ஒவ்வொரு இடத்தையும் படம் எடுங்கள்: சுத்தம் செய்வதற்கு முன், பின், தேதி தெரியும்படி. தண்ணீரில் துடைத்ததற்கும் நீரடிப் படம் வேண்டும். பெயின்ட் டப்பாவின் லேபிள், வாங்கிய லிட்டர் அளவு உள்ள ரசீது, யார்டின் பில் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். "சுத்தமாகத்தான் இருக்கிறது" என்ற வாய்ச்சொல் எடுபடாது. ஓபுவாவில் அதிகாரி கம்பின் நுனியில் கட்டிய கேமராவை நீருக்குள் விட்டு, நேராகக் கீலின் அடிக்கும் சுக்கான் இடுக்குக்கும்தான் கொண்டுபோவார். அங்கே சிக்கினால் உங்கள் செலவில் உடனே தூக்கச் சொல்லலாம், தங்கும் நாளைக் குறைக்கலாம், நாட்டை விட்டே போகச் சொல்லலாம். 2017 மார்ச்சில் டௌரங்காவுக்கு வந்த டி.எல். மேரிகோல்ட் என்ற சரக்குக் கப்பலை அடியில் இருந்த கொட்டலசுக்காகவும் குழாய்ப்புழுவுக்காகவும் வெளியே அனுப்பினார்கள்.

அலமாரியில் என்ன இருக்கலாம்

பிஜியின் நாடியில் சாமான் வாங்கினால் நம் வீட்டுச் சமையலறைக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். 1903-லிருந்து தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர், பெரிய முருகன் கோயிலும் உண்டு. துவரம்பருப்பு, உளுந்து, கொத்தமல்லி விதை, வெந்தயம், புளி, கட்டுக்கட்டாகக் கறிவேப்பிலை. ஆசையோடு மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கத் தோன்றும். அங்கேதான் தவறு.

பச்சையாக உள்ள காய், கனி, கீரை, கறிவேப்பிலை, இஞ்சி, வேர்கள் அனைத்தும் க்யூ-டாக்கில் பறிபோகும். தேனுக்கும் பொதுவாக அனுமதி இல்லை. இறைச்சி, முட்டை, பால் பொருள்களுக்கு எந்த நாட்டில் தயாரானது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் நியூசிலாந்தில் இதுவரை வந்ததே இல்லை. பாலும் இறைச்சியும்தான் அந்த நாட்டின் பிழைப்பு. ஆகவே இதில் கெஞ்சிப் பயனில்லை. முளைக்கக்கூடிய முழு விதைகள் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை: பாசிப்பயறு, கொண்டைக்கடலை, முழு உளுந்து, கடுகு, மல்லி, வெந்தயம், சோளப்பொரிக்கான சோளம். அரைத்த பொடிகளிலும், நிறுவனப் பொட்டலத்தில் சீல் பிரிக்காமல் இருக்கும் பொருள்களிலும் சிக்கல் குறைவு. அரிசியில் வண்டு இருந்தால் மூட்டையோடு போகும்.

படகோட்டிகள் கரப்பான் முட்டைக்குப் பயந்து அட்டைப் பெட்டிகளையும் பொட்டலங்களையும் கரையிலேயே வீசிவிட்டு, எல்லாவற்றையும் டப்பாக்களில் கொட்டிக்கொள்வது வழக்கம். நல்ல பழக்கம்தான். அப்படிச் செய்யும்போது லேபிளை மட்டும் கத்தரித்து டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். எந்த நாடு, என்ன பொருள், எந்தத் தேதி என்று படிக்க முடிந்தால் அதிகாரி முடிவெடுப்பார். லேபிள் இல்லாத மஞ்சள் நிறத் தூளையும் பழுப்பு நிறப் பருப்பையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? குப்பைப் பையில் போடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

எட்டு நாள் பயணத்துக்கு இப்படித் திட்டமிடுவது வசதி. முதல் ஐந்து நாளுக்குப் பச்சைக் காய்கறி. வெங்காயம், உருளை, பூசணி, முட்டைக்கோஸ் நாலைந்து நாள் கூடுதலாகத் தாங்கும், எண்ணி வாங்குங்கள். பாசிப்பயறு ஒரு கிலோ இருந்தால் மூன்றாம் நாளிலிருந்து ஈரத்துணியில் கட்டி முளைவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை வரும், பச்சைக் காய் தீரும் நேரத்துக்கு அது கைகொடுக்கும், கரை வருவதற்குள் பயறும் காலியாகும். காற்று நின்று தாமதமானால் சாப்பிட நான்கு நாளுக்கு உரிய இருப்பு டின்னிலும் பாஸ்டாவிலும் அரிசியிலும் இருக்கட்டும், அவை மிஞ்சினாலும் தலைவலி இல்லை. கடைசி இரண்டு நாளில் அலமாரியையும் ஐஸ் பெட்டியையும் முழுக்கக் கிளறிப் பாருங்கள். எஞ்சிய காய்கறியைச் சமைத்து முடியுங்கள். உணவுக் கழிவைக் கடலில் போடுவதானால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு வெளியே. பிளாஸ்டிக் எங்கேயும் கூடாது. முட்டை அட்டை, காய்கறி வைத்த மரப்பெட்டி, பூண்டுத் தோல் ஒட்டிய வலைப்பை எல்லாம் கழிவுதான். அவற்றைக் கட்டி வையுங்கள், க்யூ-டாக்கில் வாங்கிக்கொள்வார்கள்.

எதையும் ஒளிக்காதீர்கள். அறிவித்துவிட்ட பொருளுக்கு அபராதம் இல்லை, பொருள் மட்டும் போகும். அறிவிக்காமல் கண்டெடுத்தால், ஓர் ஆப்பிளாக இருந்தாலும், அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர். ஒருமுறை அப்படி ஒன்று அகப்பட்டால், அதன் பிறகு தரைப்பலகை ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்ப்பார்கள். அதில் அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது.

உணவு தவிரவும் பார்ப்பது உண்டு. மலையேறும் ஷூவின் அடியில் மண், மடக்குச் சைக்கிளின் சக்கரம், கூடார முளை, மரத்தில் செதுக்கிய கவா பானக் கிண்ணம், பனையோலைப் பாய், சங்கு, பவளம். ஷூவைப் பழைய பல் பிரஷால் தேய்த்து உலர்த்தி மேலே தெரியும்படி வையுங்கள். மரச்சாமானில் ஊசி முனை அளவு துளையும் அதன் கீழ் மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம். பவளத்துக்கும் ராட்சதச் சிப்பி ஓட்டுக்கும் ஏற்றுமதி அனுமதி இல்லாவிட்டால் எடுத்து வரவே வேண்டாம். டிங்கியின் (கரைக்குப் போய்வரும் சின்னப் படகின்) அடியில் தேங்கிய மழைநீரில் கொசுப்புழு நெளியும், கவிழ்த்து உலர்த்துங்கள். எறும்பு இன்னும் மோசம். தீவுகளில் கரைக்குக் கட்டிய கயிறு வழியே ஏறி, மேஜைக்குப் பின்னால் மின்கம்பி போகும் இடுக்கில் கூடு வைத்துவிடும். பயணத்தின் நடுவில் சர்க்கரைக் கரண்டியை ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் எறும்பு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். இருந்தால் விஷத்தூண்டி வைக்க இன்னும் சில நாள் கையில் இருக்கும்.

கொடி, மேடை, அதிகாரிகள்

12 மைல் எல்லைக்குள் நுழைந்ததும் வலப்பக்க ஸ்ப்ரெடரில் (பாய்மரத்தின் குறுக்குக் கையில்), சோதனைக்குக் காத்திருப்பதைச் சொல்லும் மஞ்சள் க்யூ கொடியை ஏற்றுங்கள். கேப் பிரெட் கலங்கரை விளக்கை இடப்புறம் விட்டு விரிகுடாவுக்குள் திரும்பிய பிறகு வேறு படகோடு ஒட்டவோ, பொருள் கைமாற்றவோ கூடாது. வரவேற்கத் தெரிந்தவர்கள் டிங்கியில் வந்தாலும் தள்ளி நின்று கையசைக்கச் சொல்லுங்கள். இரவில் வந்தால் கால்வாயின் இருபுறமும் மிதவைகளில் கட்டிய விளக்கில்லாத மூரிங் படகுகள் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். க்யூ-டாக்கில் கட்டிவிட்டுப் படகுக்குள்ளேயே தூங்கலாம். சோதனை காலையில் நடக்கும். வெளியே கடலில் பாயைச் சுருக்கி விடியும்வரை காத்திருப்பது, களைத்த ஆட்களுக்கு அதைவிடப் பத்திரம்.

பெரும்பாலும் முதலில் வருவது பூச்சியும் நோயும் அயல் உயிரியும் நுழையாமல் பார்க்கும் பயோசெக்யூரிட்டி அதிகாரி, அல்லது சுங்கமும் அவரும் சேர்ந்து. அவர் ஏறும் முன் சமையல் மேடையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டால் நேரம் பாதியாகும்: ஒரு பக்கம் நீங்களே ஒப்படைப்பவை, மறுபக்கம் அவரிடம் கேட்டுத் தெரிய வேண்டியவை. ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, தனித்தனிப் பயணி அறிவிப்பு வேண்டும். நாய், பூனை இருந்தால் இறக்குமதி அனுமதி பல மாதங்களுக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கரையில் கால் வைக்க முடியாது.

சுங்கத்தின் கேள்விகள் நேரானவை. 17 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வரியில்லாமல் 4.5 லிட்டர் ஒயின் அல்லது பீர், 1,125 மில்லிக்கு மிகாத மூன்று பாட்டில் மதுவகை, 50 சிகரெட். அதற்கு மேல் இருந்தால் எண்ணிச் சொல்லுங்கள், வரி போடுவார்கள். 10,000 நியூசிலாந்து டாலரோ அதற்கு மேலோ ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். துப்பாக்கி இருந்தால் வந்ததுமே சொல்ல வேண்டும்.

மருந்துப் பெட்டியில் பலர் தடுமாறுகிறார்கள். மருத்துவர் சீட்டு உள்ள மருந்து மூன்று மாத அளவு, மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்து ஒரு மாத அளவு. நெடும்பயணப் படகின் முதலுதவிப் பெட்டி இதைச் சுலபமாகத் தாண்டும். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எதற்காக என்று மருத்துவர் கையெழுத்தோடு ஒரு பட்டியல் போட்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். கோடீன், மார்ஃபினை மேலே, தனிப் பையில், எண்ணிக்கையோடு வையுங்கள்.

படகுக்கான தற்காலிக இறக்குமதி அனுமதியை அப்போதே கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் வசிப்பவரின் படகு இதன் கீழ் 24 மாதம்வரை இறக்குமதி வரி கட்டாமல் இருக்கலாம். 15 விழுக்காடு சரக்கு சேவை வரி படகின் விலைமீது வருவதென்றால் அது லேசான தொகை அல்ல. படகுக்காக வாங்கும் உதிரிப் பொருளுக்கும் யார்டு வேலைக்கும் இந்த அனுமதியைக் காட்டி வரிவிலக்குக் கேட்கலாம், ஆகவே நகல் எடுத்துப் பையிலேயே வைத்திருங்கள். காலாவதித் தேதியை விசா தேதியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு வேறு. நியூசிலாந்திலேயே படகை விற்க நினைத்தால் விற்பதற்கு முன் சுங்கத்திடம் பேச வேண்டும்.

எல்லாக் கையெழுத்தும் முடிந்ததும் மஞ்சள் கொடியை இறக்கி, அதே இடத்தில் நியூசிலாந்துக் கொடியை ஏற்றுங்கள். வெள்ளை ஓரமிட்ட நான்கு சிவப்பு நட்சத்திரம் உள்ளதுதான் நியூசிலாந்துடையது. நட்சத்திரமெல்லாம் வெள்ளையாக இருந்தால் அது ஆஸ்திரேலியக் கொடி. பிஜியில் வாங்கும்போதே விரித்துப் பார்த்து வாங்குங்கள்.

அடிப்பகுதிப் படங்களையும் ரசீதுகளையும் அழித்துவிடாதீர்கள். தெற்கே போகும் வழியில் மரினாக்கள் இடம் தருமுன் அவற்றையே மறுபடி கேட்கும். பே ஆஃப் ஐலண்ட்ஸுக்குள்ளேயே, டெ ராஃபிட்டி பக்கம், 2023 மே மாதத்தில் கௌலெர்ப்பா என்ற அயல்நாட்டுக் கடற்பாசியைக் கண்டார்கள். கிள்ளிய துண்டு ஒன்று சங்கிலியில் ஒட்டிப் போனாலே போதும், புது இடத்தில் வேர்விடும். அங்கே நங்கூரம் போடத் தடை உள்ள பகுதிகளின் வரைபடத்தை க்யூ-டாக்கிலேயே அதிகாரியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே நங்கூரம் எடுத்தாலும் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பார்த்து, பச்சையாக எது ஒட்டியிருந்தாலும் கடலில் தட்டிவிடாமல் வாளியில் போட்டு மூடிவையுங்கள்.